தறி நின்ற பகலில்

சோமனூரில் பாலுசாமி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றுக்குக் கோமளா குடிவந்தபோது, சாமான் என்று ஒரு ஸ்டவ்வும் இரண்டு மூட்டையும்தான். மகள் வர்ஷினி முதலில் உள்ளே ஓடினாள். ஓடியவள் நடு அறையில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க பஞ்சு வாசம் அடிக்குது."

"ஊரே தறி. பஞ்சு வாசம் அடிக்காம மல்லியப்பூவா மணக்கும்?"

இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறவள் கோமளா. அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. எதிர்த்தறிக்காரியின் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிடுவாள்.

வர்ஷினிக்குப் பள்ளியில் இடம் இருந்தது. ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். பாலுசாமியிடம் கேட்டதற்குச் சிரித்தார்.

"காயிதம் எதுக்கு அம்மணி? என் வாக்கு போதாதா? இந்த லைன்ல யாருக்குமே எழுதித் தந்ததில்ல."

"காயிதம் இல்லாமத்தானுங்க நெனச்சப்ப காலி பண்ணச் சொல்றாங்க. புள்ள மூணு பள்ளிக்கூடம் மாறிப்போட்டா."

"பாக்கலாம் போ."

புதன்கிழமை மாதாந்திர மின்நிறுத்தம். காலை ஒன்பதுக்கு ஊர்த்தறி எல்லாம் ஒரே மூச்சில் நின்றது. பிறகு வந்த அமைதி காதை அடைத்தது. கோமளா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பஞ்சு வாசம் கனத்து வந்தது. நடு அறையில், தறியில் நாடாக்கட்டை இங்குமங்கும் ஓடுவது போல ஒரு சத்தம்.

டக். டக்.

கரண்ட் இல்லாத ஊரில் தறி ஏது?

எட்டிப் பார்த்தாள்.

மூலையில் ஒருத்தி உட்கார்ந்து, விரலால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. கோமளாவைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கோமளாவுக்குச் சத்தம் தேவையில்லை.

'எழுதச் சொல்லு.'

அரிசிக் கையோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் விழுந்தாள். சூசைமேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீயும் பாத்துட்டியா?" குரல் தணிந்தது. "மூணு வருசம் அங்க இருந்த புள்ளைதான். காய்ச்சல்ல கெடந்து செத்துப்போனா. போலீசு கேட்டப்ப ஊட்டுக்காரரு பாலுசாமி, 'இவ பேரே தெரியாது, இந்த ஊட்டுல யாரும் குடியில்ல'ன்னு சொல்லிப்போட்டாரு. இருந்தான்னு காட்ட ஒரு துண்டுக் காயிதம் உண்டா? அனாதைப் பொணம்னு பொதச்சுட்டாங்க."

"பேரென்னக்கா?"

"தறிச்சத்தத்துல யாரு பேரு கேட்டா? புள்ளைன்னுதான் கூப்புடுவோம்."

ஓடிவிடலாம்தான். ஓடினால் வர்ஷினிக்கு மறுபடி வேறொரு பள்ளிக்கூடம். கோமளா நேராகப் பாலுசாமி வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங்க, அந்த ஊட்டுக்குள்ள வந்து உக்காந்து எழுதிக் கொடுங்க. இல்லீன்னா செத்தவ யாருன்னு போலீசுல நான் கேக்கறேன்."

பாலுசாமியின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. முத்திரைத்தாளோடு வந்தார். நடு அறையில் பலகை போட்டு உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக எழுதினார். குடியிருப்போர். ஒன்று, கோமளா. இரண்டு, வர்ஷினி.

பேனா நிற்கவில்லை.

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

நிற்கவில்லை.

மூன்று, மாதம்மாள்.

அதன் கீழே அவருடைய கையெழுத்தையும் அந்தக் கையே போட்டது. பிறகுதான் பேனா விழுந்தது.

"பேரு தெரியாதுன்னீங்களாமே," என்றாள் கோமளா மெதுவாக.

பாலுசாமி பலகையை விட்டு எழுந்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெயிலில் நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பேருன்னுதான சொன்னீங்க? மூணாவதா ஒரு பேரு இருக்குதே. இவங்களும் அங்கதான் குடியிருக்காங்களா?"

தவறி எழுதியது என்று சொல்லிவிடலாம். அந்தப் பெயரைக் கோமளா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஆமாங்க," என்றாள். "எங்களுக்கு முன்னாலயே இருக்காங்க."

குமாஸ்தா முத்திரை குத்தினார். மகளைக் கூப்பிடத் திரும்பினாள் கோமளா.

சுவரோரப் பெஞ்சில் வர்ஷினி தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரையோ நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

காலியான அந்த இடத்தில் ஒரு பிசிறு பஞ்சு வந்து விழுந்தது.