தலவாக்கலையில் நாலு நிமிஷம்

எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பேர். ஆனால் 1936-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் கொழும்புக்குக் கிளம்பியபோது ஐந்து பேர் ஆகிவிட்டோம். அந்த ஐந்தாவது ஆள் ஒரு தலையணை!

முறையாகவே சொல்கிறேன். என் பெயர் கோதண்டம். அம்பத்தூர் ரயில் நிலையத்தில் சரக்குக் குமாஸ்தா. மூட்டைகளை எண்ணிச் சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. எந்த வண்டி எங்கே போகிறது என்று அதன் பக்கத்தில் எழுத வேண்டும் அல்லவா? அதற்காக என் சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும்.

ரயில்வே ஊழியர் என்பதால் எனக்குச் சலுகைக் கட்டணத்தில் சீட்டுக் கிடைத்தது. எங்கள் தெருவில் திருப்பதியைத் தாண்டிப் போனவர்களே கிடையாது. நாங்களோ கடலையே தாண்டப் போகிறோம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் மனைவி பொன்னம்மாள் ஒரு வாரம் முறுக்குச் சுட்டாள். ஐந்து வயது ஜெயராமன் ஒரு வாரம் முறுக்குத் தின்றான். பத்து வயது தாட்சாயிணி தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தாள். நான் பார்க்க வேண்டிய பதினோரு இடங்களை ஒரு தாளில் நேரத்தோடு எழுதினேன். "காலை 8.10, கடற்கரை சேர்தல். 8.20, வியத்தல். 8.30, கிளம்புதல்." எல்லாம் கச்சிதம்!

கிளம்பும் நாளில் வாசலில் வந்து நின்றாள் குப்பம்மா. ரயில் நிலைய வாசலில் கீரை விற்பவள். தாட்சாயிணிக்கு நல்ல சிநேகிதி. அன்று அவள் தலையில் கீரைக்கூடை இல்லை. கோணிப்பை உறை போட்ட ஒரு பெரிய தலையணை இருந்தது.

"ஐயா, கொழும்புக்குப் போறீங்களாமே? என் தம்பி மதுரைவீரன் அங்கதான் கீறான். இத்தக் குட்துருங்க."

"கொழும்பில் எங்கே?"

"தேயிலத் தோட்டத்துல."

"அங்கே ஆயிரம் தோட்டம் இருக்குமே, குப்பம்மா!"

"ஒண்ணொண்ணா கேட்டுகினே போனா தெரிஞ்சிடப் போவுது."

நான் சிரித்துவிட்டேன். குப்பம்மா சிரிக்கவில்லை.

"ஆறு வருசத்துக்கு முன்ன போனான். போற அன்னிக்கு ஊட்டுக்கு எதுர்ல ஒரு இலவங்கன்னு நட்டுட்டுப் போனான். இந்த வருசந்தான் மொதக் காய். அந்தப் பஞ்சுதான் இது. மூணு வருசமா அவங்கிட்டேர்ந்து ஒரு சேதியும் இல்ல. உசுரோட கீறானான்னு கூடத் தெரியல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் மறுத்துச் சொல்ல வாய் திறப்பதற்குள் தாட்சாயிணி தலையணையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் குடுத்துடறேன் அக்கா. சத்தியமா!"

"அவன் தலையத் தவிர வேற யாரு தலையும் இதும்மேல படக் கூடாது, கண்ணு."

"படாது!"

அந்த வார்த்தையால் கஷ்டப்பட்டது நான்தான். எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறியதும் களைப்பாக இருந்தது. மெதுவாகத் தலையணையில் சாய்ந்தேன். வெடுக்கென்று அது நகர்ந்தது. என் தலை பலகையில் 'ணங்'கென்று மோதியது.

"நைனா! அது மதுரைவீரன் அண்ணன் தலைக்கு!"

அன்று என் கையையே தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன்.

ஜெயராமனுக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து, "வெளிநாடு வந்துடுச்சா?" என்று கேட்டான். செங்கல்பட்டிலும் கேட்டான். விழுப்புரத்திலும் கேட்டான். மறுநாள் தனுஷ்கோடியில் கப்பல் ஏறியபோது கேட்டான். நடுக்கடலில், "இப்ப நாம எந்த நாட்டுல கீறோம்?" என்று கேட்டான். அதற்கு நான் ஒரு முறுக்கை எடுத்து நீட்டினேன்.

தலைமன்னாரில் இறங்கியதும் சுங்க அதிகாரி தலையணையைச் சந்தேகமாகப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பிறகு தையலைக் கொஞ்சம் பிரித்தார். குபுக்கென்று பஞ்சு கிளம்பி அவருடைய கறுப்பு மீசையில் ஒட்டிக்கொண்டது. ஒரே நொடியில் மீசை நரைத்துவிட்டது!

"போங்கள், போங்கள்!" என்று தும்மிக்கொண்டே எங்களை அனுப்பினார். பொன்னம்மாள் ரயிலில் உட்கார்ந்து தையலைப் போட்டாள்.

கொழும்பில் கடற்கரையைப் பார்த்தோம். டிராம் வண்டியில் ஏறினோம். எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. ஆனால் தாட்சாயிணி வியக்க வேண்டிய நேரத்தில் வியக்காமல், எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டாள்.

"அம்பத்தூர் மதுரைவீரனைத் தெரியுமா?"

பழக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. போலீஸ்காரருக்குத் தெரியவில்லை. மியூசியம் காவலாளி, "எந்தக் காலத்து ராஜா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கண்டிக்குப் புறப்பட்டோம். பேராதனைச் சந்திப்பில் வேறு ரயிலுக்கு மாற வேண்டும். அங்கே இறங்கிக் காத்திருந்தபோது தாட்சாயிணி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் நாலு நாள்தான் நைனா இருக்கு. குப்பம்மா அக்காவுக்கு நான் இன்னா சொல்றது?"

எனக்கும் பாவமாக இருந்தது. "என்ன செய்வது? இது சின்ன ஊர் இல்லையே" என்றேன்.

திடீரென்று அவள் துள்ளி எழுந்தாள்.

"நைனா! மான்!"

"எங்கேம்மா மான்?" என்று நான் காட்டைப் பார்த்தேன்.

"காட்டுல இல்ல. அங்க பாருங்க, மூட்டைல!"

எதிர்த் தண்டவாளத்தில் ஒரு சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. திறந்த கதவுக்குள்ளே அரிசி மூட்டைகள். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு மான்.

தாட்சாயிணி தலையணையைத் திருப்பிக் காட்டினாள். கோணிப்பை உறையின் மூலையில் அதே வட்டம், அதே மான்!

"மதுரைவீரன் அண்ணன் முன்ன ஒருக்கா யார்கிட்டயோ தேயிலை குடுத்து அனுப்பினாராம். அந்தப் பைலதான் அக்கா உறை தெச்சாங்க. அந்த மான் இன்னா நைனா?"

சரக்குக் குமாஸ்தாவிடமா இந்தக் கேள்வி! "மூட்டை யாருக்குப் போகிறதோ, அவர்களுடைய குறியை அதில் போடுவார்கள். ஒரே குறி என்றால் ஒரே தோட்டம்!" என்று கத்தியேவிட்டேன்.

ஓடிப்போய் வண்டியில் செருகியிருந்த சீட்டைப் படித்தேன். தலவாக்கலை. நாங்கள் வியாழக்கிழமை நுவரேலியாவுக்குப் போகும் வழியில் இருக்கும் ஊர்!

"ஆனால் ரயில் அங்கே நாலு நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் தோட்டத்துக்குப் போய்த் தேட முடியாதே" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் தாட்சாயிணியைக் காணோம். என் பையில் சாக்பீஸையும் காணோம்.

அவள் சரக்கு வண்டியின் பக்கத்தில் எம்பி எம்பி எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தூர் குப்பம்மா தம்பி மதுரைவீரனுக்கு. அக்கா தலையணை அனுப்பி இருக்கிறாள். வியாழக்கிழமை ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு வரவும். இப்படிக்கு, தாட்சாயிணி."

எனக்கு வியர்த்துவிட்டது. சரக்கு வண்டியில் கண்டபடி கிறுக்கினால் குற்றம்! அம்பத்தூரில் எத்தனை பேரை இதற்காக நான் விரட்டி இருக்கிறேன் தெரியுமா?

"என்ன காரியம் செய்தாய்?"

"மூட்டை இறக்கறவங்க தோட்டத்து ஆளுங்கதானே நைனா? அவங்க படிச்சா போய்ச் சொல்லுவாங்க இல்ல? நாம தேடிப் போக முடியாட்டி, சேதி போவட்டுமே!"

நான் வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. சாக்பீஸை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

"மணியைப் போடாமல் விட்டுவிட்டாய்" என்று சொல்லி, 'மத்தியானம் 2.35' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

கண்டியில் யானைகள் ஆற்றில் குளிப்பதைப் பார்த்தோம். ஒரு யானை ஜெயராமன் மேல் தண்ணீரை வாரி அடித்தது. "இப்ப வெளிநாடு வந்துடுச்சு!" என்று அவன் குதித்தான். ஆனாலும் எங்கள் மனமெல்லாம் அந்தச் சரக்கு வண்டியோடு போயிருந்தது. மழை பெய்து எழுத்து அழிந்திருக்குமோ? மூட்டை இறக்குபவர்களுக்குப் படிக்கத் தெரியுமோ?

வியாழக்கிழமை வந்தது. ரயில் மலைமேல் மூச்சுவாங்கிக்கொண்டு ஏறியது. ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேலென்று தேயிலைச் செடிகள். தாட்சாயிணி அவற்றைப் பார்க்கவே இல்லை. சரியாக 2.35-க்குத் தலவாக்கலை!

ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். எங்கும் பனிமூட்டம். நிலையத்தில் ஒரு கொடி காட்டுபவர் மட்டும் நின்றார். தாட்சாயிணி தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பனி கொஞ்சம் விலகியது. அடேயப்பா! வேலிக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் நின்றார்கள். கம்பளி போர்த்தியவர்கள், கூடை மாட்டியவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள்.

"அம்பத்தூர்லேர்ந்து வந்தவங்க யாரு?" என்று ஒருவர் கத்தினார். "நாங்க எல்லாம் அந்தப் பக்கத்து ஊருக்காரங்க. சும்மா பாக்க வந்தோம்!"

"மதுரைவீரன் யாரு?" என்று தாட்சாயிணி கத்தினாள்.

இரண்டு பேர் வேலியைத் தாண்டி முன்னால் வந்தார்கள்! ஒருவர் தலை நரைத்தவர். இன்னொருவர் ஒல்லியானவர்.

ஒரு நிமிஷம் போய்விட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தேன். தாட்சாயிணி தவிக்கவில்லை.

"ஊரை விட்டு வர்றப்போ ஊட்டுக்கு எதுர்ல இன்னா மரம் நட்டீங்க?"

நரைத்தவர் தயங்கினார். "வேப்பமரமா?"

ஒல்லியானவர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இலவங்கன்னு! ஆடு கடிக்காம சுத்தி முள்ளு கட்டிட்டு வந்தேன். காய்ச்சிடுச்சா பாப்பா?"

"காய்ச்சிடுச்சு! இதோ!"

தலையணையை ஜன்னல் வழியே திணித்தோம். நானும் தள்ளினேன். மதுரைவீரன் அதை வாங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"அக்கா நல்லாக் கீறாளா?"

"நல்லாக் கீறாங்க. நீங்க உசுரோட கீறீங்களான்னு தெரியலன்னு அழுதாங்க."

"கீறேன்! கீறேன்னு சொல்லு! கடுதாசி எழுதிக் குடுத்துகினு இருந்தவரு ஊருக்குப் பூட்டாரு. எனக்கு எழுதத் தெரியாதே!"

நரைத்தவர் இன்னும் அங்கேயே நின்றார். "எம் பேரும் மதுரைவீரன்தான். எனக்கு அக்கா கெடையாது, கண்ணு. பூந்தமல்லிதான் ஊரு. ஒருவேள யாரனா நமக்கும் எதுனா அனுப்பி இருப்பாங்களோன்னு வந்தேன்" என்றார்.

தாட்சாயிணி அம்மாவைப் பார்த்தாள். பொன்னம்மாள் முறுக்கு டின்னை அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு. பூந்தமல்லிக்குப் பக்கத்துலதான் சுட்டது!" என்று தாட்சாயிணி நீட்டினாள்.

ஜெயராமன் தன் கையிலிருந்த கடித்த முறுக்கையும் நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டே அதையும் வாங்கிக்கொண்டார்.

விசில் ஊதியது. ரயில் நகர்ந்தது. மதுரைவீரன் தலையணையைக் கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"கீறேன்னு சொல்லு!"

நுவரேலியாவில் இறங்கியதும் என் பட்டியலை எடுத்தேன். பதினோரு இடங்களுக்குக் கீழே பன்னிரண்டாவதாக எழுதினேன். "தலவாக்கலை, நாலு நிமிஷம். நாலு நிமிஷமும் வியத்தல்."

நாங்கள் திரும்பி வந்த அன்று அம்பத்தூர் நிலையத்தில் குப்பம்மா காத்திருந்தாள். எதுவும் கேட்க அவளுக்குப் பயம். புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயில் நிற்பதற்கு முன்பே தாட்சாயிணி ஜன்னலில் தலையை நீட்டிக் கூவினாள்.

"கீறாரு அக்கா! கீறாரு!"

குப்பம்மா அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக வந்தது.

அடுத்த வருஷம் இலவமரம் மறுபடியும் காய்த்தது. காயைப் பறிக்க மதுரைவீரனே ஊருக்கு வந்துவிட்டார். ஒருநாள் சாயங்காலம் ஒரு புதுத் தலையணையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, போன தபா தலை வெக்க உடலியாமே, பாப்பா சொல்லிச்சு. இதும்மேல தாராளமா வைங்க."

நான் ஆசை ஆசையாகக் கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் தாட்சாயிணி ஒரு பக்கமும் ஜெயராமன் ஒரு பக்கமும் தலை வைத்துத் தூங்கிப்போயிருந்தார்கள். அன்றைக்கும் என் தலைக்குக் கிடைத்தது என் கையேதான்!