ஸ்டிக்கர் கழண்டிருக்கும், டாக்டர்

"மெஷினுக்குக் குடை... மனுஷனுக்கு மழையா?"

லிஃப்ட் கதவை மூடவிடாமல் காலை நீட்டிக்கொண்டிருந்தவனிடம் அவள் எரிந்து விழுந்தாள். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது அவனுக்கு. அவன் தள்ளிவந்த பெட்டியோ குடைக்கடியில் பெரிய மனுஷன் மாதிரி ஒரு துளி படாமல் வீற்றிருந்தது.

"நான் நனைஞ்சா தும்மலோட போயிடும் டாக்டர். இது நனைஞ்சா கம்பெனி என் தோலை உரிச்சிடும்."

"காலை எடுக்கலைன்னா நானே உரிப்பேன்!"

சிரித்தான். கண்தான் முதலில் சிரித்தது... உதடு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அவள். முகமூடிக்கு மேலே கண்களாகவே பார்த்துப் பழகியவள். எந்தக் கண்ணும் தன்னை ஏமாற்ற முடியாது என்று ஒரு நினைப்பு அவளுக்கு. பாவம்!

பெட்டிக்குள் இருந்தது புது மானிட்டர். குழந்தையின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினால், மூளையில் ஆக்ஸிஜன் போதுமா என்று திரையில் எண்ணாகக் காட்டும். ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப்புக்குத் தெரியாததையும் இது கண்டுபிடிக்கும். எல்லாரும் பழகும்வரை இன்ஜினியரான அவனும் ஆபரேஷன் தியேட்டரில் கூடவே நின்றான்.

"உங்க பொண்ணு சும்மா சும்மா கத்துறாளே!" என்பாள், மானிட்டரைக் காட்டி.

"ஸ்டிக்கர் கழண்டிருக்கும், டாக்டர். அழுத்தி ஒட்டுங்க... சமத்தாயிடுவா."

அழுத்துவாள். எண் ஏறிவிடும். ஒவ்வொரு முறையும் அவன் சொன்னதே சரியாக இருந்தது. கூடவே அந்தச் சிரிப்பு வேறு. வீட்டில் கண்ணாடி முன்னால் அவளுக்கு வேலை கொஞ்சம் கூடிப்போனது...

அப்புறம்தான் அந்தச் சின்னப் பெண் வந்தாள். இதயத்தில் ஓட்டை.

"நான் எப்ப எழுந்திருப்பேன்?"

"நான் கூப்பிட்டதும்."

ஆபரேஷன் நடுவில் மானிட்டர் கத்தியது. விரல் கிளிப்பில் குறையே இல்லை. அவள் அவனைப் பார்த்தாள்.

"ஸ்டிக்கர் கழண்டிருக்கும், டாக்டர்."

குழந்தையின் தலை பச்சைத் துணிக்கு அடியில் இருந்தது. துணியைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். சத்தத்தை நிறுத்திவிட்டாள். புலி வருது, புலி வருது என்று எத்தனையோ முறை கத்திய மெஷின்தானே! எண் இன்னும் சரிந்தபோதுதான் கையை உள்ளே விட்டாள். ஸ்டிக்கர் கெட்டியாக ஒட்டியிருந்தது. கழுத்துதான் மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாதபடி ஒருபக்கம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. நேராக்கியதும் எண் மளமளவென்று ஏறியது.

இதயம் சரியாகிவிட்டது. அவள் குழந்தையைக் கூப்பிட்டாள்... திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்... கண் திறக்கவில்லை.

"எந்த ஆபரேஷன்லயும் வரக்கூடிய சிக்கல்தான். நீ வாயைத் திறக்காதே" என்றார் பெரிய டாக்டர்.

ஐ.சி.யூ. வாசலில் அவன் காத்திருந்தான். அந்தக் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை. அவனைப் பார்க்கவே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்க பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புங்க. என் கேஸ்... என் தப்பு."

"சொன்னது நான், டாக்டர்."

"கேட்டது நான்! நான் படிச்ச படிப்பு எங்க போச்சு?"

"அவங்க அம்மாகிட்ட சொல்லணும். நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். தனியாகப் போகத் தெம்பில்லை.

பெஞ்சில் அம்மா மகளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷின் கத்தியது, ஸ்டிக்கர் என்று நினைத்தது, கழுத்து திரும்பியிருந்தது... ஒன்றையும் விடாமல் அவள் அம்மாவிடம் சொன்னாள்.

"எழுந்திருப்பாளா?"

"தெரியலைம்மா..."

"கத்துச்சுன்னு சொல்றீங்க. உடனே ஏன் பார்க்கலை?"

"நான்தாம்மா—" என்று அவன் வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வேற யார் சொல்லியிருந்தாலும் துணியைத் தூக்கிப் பார்த்திருப்பேம்மா. இவர் சொன்னாரு... இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால கண்ணை மூடிட்டு நம்பிட்டேன்."

இத்தனை நாளாய் அவள் வாயால் கேட்க ஏங்கிய சொல்... அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் தனக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டாள்.

"உட்காருங்க. அவ கண்ணைத் திறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் எங்கயும் போகக்கூடாது."

உட்கார்ந்தார்கள்... அம்மாவை நடுவில் விட்டு.