வேட்டியில் ஓர் உப்புக் கோடு

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் சுவாதி ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... கேன் கம்பெனியில பொணம் மேடம்!"

"யாரு?"

"மொதலாளி ஜெயபாண்டி! தண்ணித் தொட்டிக்குள்ள... குப்புற..."

குரல் அறுந்தது.

எதிரே ஏட்டு மருதுபாண்டி. கேனிலிருந்து டம்ளரில் பிடித்த தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனவர், அப்படியே நின்றார்.

"எந்தக் கம்பெனி மேடம்?"

"உங்க கையில இருக்கே... அந்தக் கம்பெனிதான்."

டம்ளர் தரையில் உருண்டது!

"நல்ல தண்ணி வீட்டுக் கேனா!" வாயைத் துடைத்துக்கொண்டார் ஏட்டு. "கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி கரிச்சுச்சு மேடம். அவுக அப்பா சங்கையாகிட்டச் சொன்னேன். 'ஒன் நாக்குல குத்தம்டா'ன்னுட்டாரு."

"வண்டிய எடுங்க."

திருச்சுழி சாலை. இரண்டு பக்கமும் கருவேலம். நடுவே ஒரே காம்பவுண்டுக்குள் வீடு, கிணறு, கேன் கம்பெனி.

சாதாரண வீடு அல்ல அது. சங்கையாவின் தகப்பனார் வெட்டிய கிணறு, பஞ்ச காலத்தில் சுற்றுவட்டாரத்துக்கே தண்ணீர் கொடுத்தது. அன்று முதல் 'நல்ல தண்ணி வீடு.' பங்குனிப் பொங்கலில் முதல் மரியாதை அந்த வீட்டுக்குத்தான். அப்படி ஒரு பெயரைச் சம்பாதிக்க மூன்று தலைமுறை வேண்டும்.

கெடுக்க ஒரு டம்ளர் போதும்.

சங்கையா வாசலில் நின்றார். எழுபதைத் தாண்டியும் வளையாத முதுகு. செத்தது ஒரே மகன். கண்ணில் ஈரம் இல்லை.

"தொட்டி கழுவ எறங்கியிருக்கான். வழுக்கிருச்சு. எழுதிக்கிட்டுப் பொணத்தைக் குடுங்க தாயி. பொழுதுக்குள்ள எடுக்கணும்."

"போஸ்ட்மார்ட்டம் பண்ணணும்யா."

"எங்க வீட்டுப் பொணத்தை எவனும் அறுத்ததில்ல."

"சந்தேகச் சாவுன்னா அறுக்காம நாங்க விட்டதில்ல. நாங்களும் மரபு மாறாதவுகதான்!"

சாக்கு விரிப்பில் ஜெயபாண்டி கிடந்தான். ஏட்டு குனிந்தார். பின்கழுத்தில் நகக் கீறல்கள்!

"மேடம்..." குரலைத் தாழ்த்தினார். "தொடையளவுத் தண்ணி. ஆறடி ஆளு. வழுக்கி விழுந்தவன் கழுத்தை யாரு புடிச்சா?"

சுவாதி திரும்பினாள். "தொட்டிக்குள்ள யாரு யாரு எறங்குனீங்க?"

லோடுமேன் சின்னச்சாமி முன்னால் வந்தான். "காலையில தூக்குறதுக்கு நான் மட்டுந்தான் மேடம். பெரியவுக கரையிலயே நின்னாக."

"ஆமா," என்றார் சங்கையா. "நான் எறங்கல."

ஜெயபாண்டியின் மனைவி முத்துலட்சுமி பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அழுது வீங்கிய முகம். சுவாதி ஒரு மடக்குக் குடித்தாள்.

இனித்தது!

"உங்க கேன் தண்ணியா?"

"இல்ல மேடம். ஆத்துத் தண்ணி. தெருக்குழாயில என்னைக்காவது வரும், புடிச்சு வச்சுக்குவோம். மாமா கேன் தண்ணியைத் தொட மாட்டாக."

சுவாதியின் புருவம் உயர்ந்தது. அதே நொடியில் அவள் பார்வை கொல்லைப்புறக் கொடிக்குப் போனது.

அங்கே ஒரு வேட்டி. காற்றில் அசைந்தது... ஆனால் பாதிதான் அசைந்தது! கீழ்ப்பாதி அப்பளம் போல விறைத்து நின்றது. இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு.

சுவாதி உப்புத் தண்ணீர் ஊரான மல்லாங்கிணற்றில் வளர்ந்தவள். அந்தக் கோட்டை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"யாரு வேட்டிங்கய்யா?"

"என்னோடதுதான். தொவைச்சுப் போட்டது."

"உப்புத் தண்ணியில தொவைச்சா முழுசும்ல வெறைக்கும்? இது தொடைக்குக் கீழ மட்டும் வெறைச்சிருக்கே! யாரோ தண்ணிக்குள்ள நின்னுருக்காக."

"அது... நேத்து தோட்டத்துப் போர்த் தொட்டியில எறங்குனேன்."

"போரு வத்தி வருசமாச்சே மாமா," என்றாள் முத்துலட்சுமி மெதுவாக.

சங்கையா மருமகளைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றியிருக்கும்!

சுவாதி நெருங்கினாள். "ஐயா, நானே ஒரு வழி சொல்றேன். 'மகனைக் காப்பாத்தத் தொட்டியில குதிச்சேன்'னு சொல்லுங்க. எந்த அப்பனும் குதிப்பான். நான் எழுதிக்கிட்டுப் போயிருவேன். ஆனா ஒண்ணு..."

"என்ன?"

"தொட்டியில இருக்கது உப்புத் தண்ணின்னு ஆயிரும்."



கேட்டுக்கு வெளியே கூடிவிட்ட ஊர்க்கூட்டம் எட்டிப் பார்த்தது.

சங்கையாவின் மீசை துடித்தது. "அதுல இருக்கது எங்கப்பா வெட்டுன கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணி. உப்புப் படியாது. நான் எறங்கவும் இல்ல!"

ஏட்டு தலையில் கைவைத்தார். "தப்பிக்கக் கதவத் தெறந்து வச்சீங்க மேடம். மனுசன் உள்ளயிருந்து தாழ்ப்பாள் போடுறாரே!"

"ஒரு சோப்பு கொண்டாம்மா," என்றாள் சுவாதி.

தொட்டித் தண்ணீரை மொண்டு கையில் ஊற்றிச் சோப்பைத் தேய்த்தாள். தேய்த்தாள்... தேய்த்தாள்... நுரை வரவில்லை. திரிந்த பால் போலத் திப்பிதிப்பியாக வழிந்தது!

கூட்டத்தில் முணுமுணுப்பு.

"ஒரு சந்தேகம்யா," சோப்பைக் கீழே வைத்தாள். "அந்த வேட்டிய ரெண்டு குடம் ஆத்துத் தண்ணி ஊத்தி அலசியிருந்தா கோடே இருக்காது. வீட்டுலதான் ஆத்துத் தண்ணி இருக்கே... ஏன் அலசல?"

சங்கையா கொதித்தார். "குடிக்கிற தண்ணியக் கொண்டுபோயி வேட்டியில ஊத்துவாகளா? குழாய் வந்து எத்தன நாளாச்சு! அப்பிடி ஊதாரித்தனம் பண்ற வீடா இது? அந்த நேரத்துல கூட எனக்கு மனசு வரல..."

நின்றார்.

"எந்த நேரத்துலய்யா?"

சங்கையா கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"ஆமா! நான்தான் அமுக்குனேன்!" குரல் கணீரென்றது. "கிணறு உப்பாப்போச்சு. அதைக் கேன்ல அடைச்சு 'நல்ல தண்ணி'ன்னு ஊருக்கு வித்தான். வேணாம்னேன், கேக்கல. குலத்துக்குக் கேடு கொண்டாந்தவன் மகனா இருந்தா என்ன? நானே முடிச்சேன். எழுதிக்க தாயி!"

கூட்டம் சிலிர்த்தது. யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள். "பெத்த மகன்னும் பாக்கல... மனுசன்யா!"

ஏட்டுவின் கண்கூடக் கலங்கியது. கைவிலங்கை எடுக்கத் தயங்கினார்.

முத்துலட்சுமி மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க மேடம். அவுக வந்துருவாக."

"யாரு?"

"என் வீட்டுக்காரவுக."

சுவாதி சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்காரன் சாக்கில் கிடக்கிறானே!

அப்போதுதான் கேட்டது... தூரத்தில் ஓர் ஆட்டோ. அதன் தலையில் கட்டிய ஒலிபெருக்கி. அதிலிருந்து...

செத்தவனின் குரல்!

"பொதுமக்களே... நல்ல தண்ணி வீட்டு ஜெயபாண்டி பேசுறேன். எங்க கிணறு உப்பாயிருச்சு. மாசக்கணக்கா அதைத்தான் ஒங்களுக்கு அடைச்சுக் குடுத்தோம். வெளிய சொன்னா குலப்பேரு போயிரும்னு எங்கப்பா தடுத்தாரு. அவரு பேச்சக் கேட்டது என் தப்பு. இன்னையோட கம்பெனிய மூடுறேன். வீட்டுல இருக்க கேனைக் கீழ ஊத்திருங்க. என்னைய மன்னிச்சிருங்க..."

ஆட்டோ கேட்டில் வந்து நின்றது. டிரைவர் பால்பாண்டி தலையை நீட்டினான்.

"என்னண்ணே கூட்டம்? ஜெயபாண்டியண்ணன் நேத்து பேசிக் குடுத்தாரு. ரெட்டியபட்டிப் பக்கமெல்லாம் போட்டுட்டு வாரேன்..." சாக்கைப் பார்த்தான். பேச்சு நின்றது.

ஒலிபெருக்கி நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"பொதுமக்களே..."

"அந்த மைக்க அணைங்கடா!" என்று அலறினார் சங்கையா.

ஒருவரும் அசையவில்லை. கும்பிட்ட கைகள் இறங்கின.

சுவாதி கசப்பாகச் சொன்னாள். "உப்புத் தண்ணி வித்ததுக்காகக் கொல்லல. இனி விக்க மாட்டேன்னு சொன்னதுக்காகக் கொன்னுருக்கீங்க."

எழுபது வருடம் வளையாத முதுகு, அன்று வளைந்தது.

முத்துலட்சுமி அவர் முன்னால் வந்து நின்றாள். கையில் வெறும் குடம்.

"அவுகளக் கடைசியாக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கணும் மாமா... எந்தக் கிணத்துல எடுக்கட்டும்?"

மருதுபாண்டி சங்கையாவின் கையில் விலங்கை மாட்டினார். இந்த முறை தயங்கவில்லை.

மதியம். லாக்கப்புக்குள் அனல். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார் சங்கையா.

"தண்ணி..."

ஏட்டு மூலையில் இருந்த கேனைச் சாய்த்து, டம்ளரை நிரப்பி நீட்டினார். ஒரு வாய் குடித்த சங்கையாவின் முகம் கோணியது.

"இது... கரிக்குதேடா!"

மருதுபாண்டி பணிவாகச் சொன்னார்...

"ஒங்க நாக்குல குத்தம்யா!"