முதல் நான்கு குண்டுகள்

"ஹலோ! கைய எடுங்க! அது என் ரைஃபிள்!"

அர்ஷியா போட்ட சத்தத்தில், குனிந்திருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தலை தகரக் கூரையின் குறுக்குக் கம்பியில் ணங்கென்று இடித்தது. கூரையில் தேங்கியிருந்த மழைநீர் சரசரவென்று வழிந்து, இருவருக்கும் நடுவே ஒரு திரை போல விழுந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு கண்கள்...

வலியில் சுருங்கி, உடனே சிரிப்பில் விரிந்த கண்கள். பழவேற்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தவள் ஒரு கணம் கோபத்தை மறந்தாள். அடுத்த கணமே, மறந்ததற்காகவும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

"யாருங்க நீங்க? யாரக் கேட்டு இதுல கை வெச்சீங்க?"

"ஜேம்ஸ் சார்தாங்க இருக்கச் சொன்னாரு. நான் முஹ்சின். ரைஃபிளப் புடிக்கிற இந்த வைஸ் நான் பண்ணதுதான்." தலையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். கையிலிருந்த துணியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "போட்டு மெக்கானிக்கு. படகு இஞ்சினெல்லாம் பாப்பேன்."

"மெக்கானிக்குனா மெக்கானிக் வேலைய மட்டும் பாருங்க. இது ஒண்ணும் போட்டு இஞ்சின் இல்ல."

சொன்ன பிறகுதான் அந்தக் கண்களில் சிரிப்பு அணைந்துபோனதைப் பார்த்தாள். 'அய்யோ... இவ்ளோ சொல்லியிருக்க வேணாமோ?' வாய்விட்டு மன்னிப்புக் கேட்க மட்டும் மனசு வரவில்லை.

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. காட்டூரைத் தாண்டி, வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் இந்தச் சின்னத் துப்பாக்கி கிளப்பில் மூன்று வருடமாக ஐம்பது மீட்டர் ரைஃபிள் சுட்டுப் பழகுகிறாள். கிளப்புக்குச் சொந்தமான ரைஃபிள்தான் என்றாலும், அது அவள் தோளுக்கென்றே வளைந்ததுபோல் ஆகிவிட்டது. போன வருடம் மாநிலப் போட்டியில் அரைப் பாயிண்ட்கூட இல்லை, வெறும் பாயிண்ட் நான்கில் தேசியத் தகுதியைக் கோட்டைவிட்டாள். "இன்னும் ஒரு வருஷம்தான் பாப்பேன்" என்று வாப்பா கௌஸ் மைதீன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடம் இன்னும் மூன்று வாரத்தில், அடுத்த மாநிலப் போட்டியோடு முடிகிறது.

அந்தப் போட்டியில் எந்தத் தோட்டாவால் சுடுவது என்று இன்று முடிவாக வேண்டும்.

தோட்டாவில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. இந்தச் சின்ன ரகத் தோட்டாவின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று உண்டு. பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள் வளையமாக ஒளிந்திருக்கிறது. ரைஃபிளின் ஊசி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால், அங்கே பிறக்கும் பொறி உள்ளேயிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைத்துக் குண்டைத் தள்ளிவிடும். மருந்து வளையத்தில் ஓரிடம் கொஞ்சம் கனம், ஓரிடம் கொஞ்சம் மெலிவு என்றால் குண்டின் வேகம் மாறும். வேகம் குறைந்த குண்டு ஒரு மயிரிழை கீழே விழும். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே தட்டு... நேற்று ஊற்றிய இட்லியும் இன்று ஊற்றிய இட்லியும் ஒன்றாகவா இருக்கின்றன? அதனால்தான், ஒரே இயந்திரத்தில் ஒரே சமயம் செய்த தோட்டாக்களுக்கு ஒரு லாட் எண் இடுகிறார்கள். எந்த லாட் எந்த ரைஃபிளுக்குப் பிடிக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பத்துப் பாயிண்ட் வட்டமோ சுண்டுவிரல் நகத்தளவு. அதுவும் ஐம்பது மீட்டர் தூரத்தில்!

மாநிலத் துப்பாக்கிச் சங்கம் மூன்று லாட்டிலிருந்து, லாட்டுக்கு ஒரு பெட்டி என்று மாதிரிக்கு அனுப்பியிருந்தது. லாட் எண்கள் பதினேழு, இருபத்திமூன்று, நாற்பத்தொன்று. மாலை ஐந்து மணிக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

மழை விட்டது. காற்று பார்க்கக் கட்டிய சிவப்பு ரிப்பன்கள் துவண்டு தொங்கின. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பயிற்சியாளர் ஜேம்ஸ், காதடைப்பான் மாட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாமா, வந்ததும் சண்டையா? தம்பி பண்ண வைஸ மொதல்ல பாரு. அப்புறம் திட்டு."

பார்த்தாள். பழைய படகு இஞ்சின் உட்காரும் இரும்புச் சட்டத்தை அறுத்து, கான்கிரீட் மேடையில் இறுக்கியிருந்தான். நடுவே ரைஃபிளைப் பிடிக்கும் தொட்டில். அதன் அடியில் கறுப்பு ரப்பர் பட்டைகள்.

"சுட்டதும் ரைஃபிள் பின்னாடி உதைக்கும் இல்லீங்களா?" அவளைப் பார்க்காமல், இரும்பிடம் பேசுவதுபோல முஹ்சின் பேசினான். "அத ஒரேயடியா இறுக்கிப் புடிச்சா தப்பு. உதைக்க வுடணும், ஆனா கெளம்பின எடத்துக்கே திரும்பி வரணும். போட்டுல இஞ்சினும் அப்டித்தான். உதறணும், எடம் மாறக் கூடாது."

பேசப் பேச அந்தக் கண்களில் மறுபடி விளக்கேறியது. அவன் விரல் நுனியால் தொட்டிலைத் தள்ளினான். பின்னால் போய், சத்தமில்லாமல், துளி பிசகாமல் அதே இடத்தில் வந்து நின்றது. அர்ஷியா தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். இன்னொரு தடவை...

'ஆளு லேசுப்பட்டவன் இல்ல.'

சோதனை தொடங்கியது. மனிதக் கை நடுங்கும், மூச்சு அசைக்கும், அதனால்தான் வைஸ். அதில் சுட்டால் தப்பு சுடுபவர் மேல் விழாது. ஜேம்ஸ் விசையை அழுத்த, அர்ஷியா தொலைநோக்கியில் கண்ணை வைத்து ஒவ்வொரு குண்டும் விழுந்த இடத்தை வரிசை எண்ணோடு நோட்டில் புள்ளி வைத்தாள். பத்துக் குண்டு முடிந்ததும் ஜேம்ஸ் ரைஃபிளின் ஊசி இருக்கும் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கயிற்றை இழுத்தால் இலக்குப் பேப்பர் வந்துவிடும். அவரும் அவளும் பக்கத்து அறைக்குப் போய், மிகவும் தள்ளி விழுந்த இரண்டு குண்டுகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று வெர்னியர் அளவுகோலால் அளப்பார்கள். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல லாட். ஒவ்வொரு லாட்டுக்கும் இரண்டு பேப்பர்.

மதியம் மூன்று மணிக்கு முடிவு தெரிந்தது. லாட் பதினேழுக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர். இருபத்திமூன்றுக்கு இருபத்தியொன்று. நாற்பத்தொன்றோ முப்பதைத் தொட்டது.

"மூணுமே சுமாருதான்," ஜேம்ஸ் உதட்டைப் பிதுக்கினார். "இருபத்திமூணையே சொல்லிடலாம்மா. வேற வழி?"

இருபத்தியொரு மில்லிமீட்டர் சிதறல் என்றால், அவள் தப்பே செய்யாவிட்டாலும் சில குண்டுகள் பத்தை விட்டுப் போகும். அந்தப் பாயிண்ட் நான்கு மறுபடியும் கண் முன்னால் வந்து நின்றது.

நோட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தாள். புள்ளிகளை வெறித்தாள். பிறகு பென்சிலால், ஒன்று முதல் நான்கு வரை ஒரு கோடு... ஐந்து முதல் பத்து வரை இன்னொரு கோடு...

நோட்டைக் கண்ணருகே இழுத்தாள்.

எல்லாப் பேப்பரிலும் முதல் நான்கு மட்டுமே ஊர் சுற்றியிருந்தன. ஐந்திலிருந்து எல்லாம் நெருக்கமாக விழுந்திருந்தன! மோசம் என்று ஒதுக்கிய நாற்பத்தொன்றில், கடைசி ஆறும் ஒரே ஓட்டை.

மெதுவாக எழுந்து, வைஸ் இருந்த கொட்டகைக்குப் போனாள். முஹ்சின் நீளமான பித்தளைக் கம்பியின் நுனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். துணியில் எண்ணெய் பளபளத்தது.

"ஒவ்வொரு பேப்பர் முடிஞ்சதும்... குழலுக்குள்ள தொடச்சீங்களா?" காலையில் போலக் கத்தவில்லை. தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"ஆமாங்க. நீங்க உள்ள அளக்கப் போறப்ப எல்லாம். உப்புக்காத்து ஊராச்சே. தொடைக்காம ஒரு ராத்திரி வுட்டா காலைல துரு ஏறிடும். எந்த இஞ்சின தொட்டாலும் தொடச்சு, எண்ணெ போட்டுத்தான் வைப்பேன். ஏன்?"

"குண்டு மேல மெல்லிசா மெழுகு பூசியிருக்கும். சுடச்சுட அந்த மெழுகு குழல் உள்ள ஒரு பூச்சா படியும். பூச்சு படிஞ்சாத்தான் எல்லா குண்டும் ஒரே வழியில போவும். நீங்க அத வழிச்சு எடுத்துட்டு எண்ணெய தடவினீங்க. மொத நாலு குண்டும் அந்த எண்ணெயத் தள்றதுலயே போயிருச்சு."

அவன் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது.

"பதினோரு வருஷமா இந்தக் கையால தொடைக்கிறேன். ஒருத்தரும் கொறை சொன்னதில்ல." கம்பியை மேடைமேல் வைத்தான். "காலைலயே சொன்னீங்களே, மெக்கானிக் வேலைய மட்டும் பாருனு. சரியாத்தான் சொன்னீங்க."

விடுவிடுவென்று பைக்கை நோக்கி நடந்தான். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது. 'போவாதீங்க...' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, அர்ஷியா நோட்டோடு ஜேம்ஸைத் தேடி ஓடினாள்.

ஜேம்ஸ் சங்கத்துக்குப் பேசக் கைப்பேசியை எடுத்துவிட்டார். மணி நாலேகால்.

"சார், இன்னொரு வாட்டி சுட்டுப் பாக்கலாம் சார். ப்ளீஸ்."

"இன்னாத்துக்கு? காரணம் சொல்லு."

சொல்ல ஒரு நொடி போதும். அவன் பெயரைச் சொன்னால் போதும். காலையில் அணைந்த அந்தக் கண்கள் நினைவுக்கு வந்தன. அர்ஷியா தரையைப் பார்த்தாள்.

"சும்மா... மனசுக்கு சரியாப் படல சார்."

"மனசுக்குப் படலனா சங்கம் அஞ்சு மணிக்கு மேல காத்திருக்குமா? வெளையாடுறியா?"

"காரணம் நான்தான் சார்."

வாசலில் முஹ்சின் நின்றிருந்தான். சொட்டச் சொட்ட நனைந்து... தலைமுடியிலிருந்து வழிந்த நீர் இமையில் தொங்கியது. "பேப்பருக்குப் பேப்பர் குழல எண்ணெ போட்டுத் தொடச்சுட்டேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல. தப்பு என்னுது. அவங்களுக்குத் தெரியும், ஆனா என்னைக் காட்டிக் குடுக்கல." முகத்தில் வழிந்த நீரைத் துடைத்தான். "அவங்க வருஷம் என்னால போவக் கூடாது சார்."

ஜேம்ஸ் அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அடப்பாவி! மூணு மணி நேரம்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கைப்பேசியை மட்டும் மறுபடி சட்டைப் பையில் போட்டார்.

உலர்ந்த துணியால் ஒரே ஒரு முறை துடைத்தார்கள். அப்புறம் யாரும் குழலைத் தொடவில்லை. ஒவ்வொரு லாட்டிலும் முதலில் பத்துக் குண்டை மண்மேட்டில் சுட்டுத் தள்ளிவிட்டு, அடுத்த பத்தைப் பேப்பரில் சுட்டார்கள். முஹ்சின் வைஸின் பக்கத்திலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளை போல நின்றான். அர்ஷியாவுக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா, கை அரிக்குதா?"

"ரொம்ப..." என்றான் பரிதாபமாக.

லாட் பதினேழுக்குப் பத்தொன்பது மில்லிமீட்டர். இருபத்திமூன்றுக்குப் பதினேழு. கடைசியாக நாற்பத்தொன்று... ஜேம்ஸ் வெர்னியரை வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார்.

"பதினொண்ணு."

பத்துக் குண்டும் ஒரு சின்னப் பூப்போல ஒட்டிக்கொண்டு விழுந்திருந்தன. அர்ஷியா அந்தப் பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியே மறுபக்கம் ஒரு கண் தெரிந்தது. சிரிக்கிற கண்.

மணி நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜேம்ஸ் சங்கத்துக்குப் பேசினார். "நாப்பத்தொண்ணு."

மூன்று வாரம் ஓடிப்போனது. மாநிலப் போட்டியில் அர்ஷியா தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினாள். பாயிண்ட் நான்கில் விட்டதை, இரண்டு பாயிண்ட் கூடுதலாகவே எடுத்துப் பிடித்தாள். வாப்பா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார்.

மறுநாள் பழவேற்காடு ஏரிக்கரையில், படகுத் துறைக்குப் பக்கத்திலிருந்த முஹ்சினின் பட்டறை வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பூமழை போலத் தூறிக்கொண்டிருந்தது. இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்தான். இந்த முறை தலை இடிக்கவில்லை. ஏனென்றால் பாதி நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இத உங்களுக்குனு எடுத்தாந்தேன்." பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக, அந்தப் பதினொரு மில்லிமீட்டர் பேப்பர். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. மெக்கானிக்குனு... அப்டி சொல்லியிருக்கக் கூடாது."

எண்ணெய்க் கையால் தொடப் பயந்து, லுங்கியில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு வாங்கினான். பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அன்னிக்கு நீங்க கத்தினது, நான் மொறச்சது, கோச்சுக்கிட்டுக் கெளம்பினது... அதெல்லாம் மொத நாலு குண்டுங்க. எங்கெங்கியோ போச்சு." நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். "அதுக்கப்புறம் இந்த மூணு வாரமா, எத்த நெனச்சாலும் மனசு ஒரே எடத்துலதான் வந்து வுழுது. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. ரொம்பப் புடிச்சிருக்கு."

அர்ஷியா துப்பட்டாவின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"நாலஞ்சு குண்டப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுனு ஜேம்ஸ் சார் சொல்வாரு," என்றாள், கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பத்தும் பாக்கணும்."

"பாத்துட்டேங்க. பத்தும் பாத்தாச்சு. உங்களுதுதான் தெரியல..."

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். நான்கடி போய் நிறுத்தி, திரும்பினாள்.

"எங்க வாப்பாவோட போட்டு இஞ்சின் ஒரு வாரமா திக்குது. வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சதும் வூட்டுக்கு வாங்க. மொதல்ல இஞ்சின பாருங்க... அப்புறம் வாப்பாகிட்ட பேசுங்க." கன்னம் சிவக்க, வேகமாகச் சேர்த்துக்கொண்டாள். "என்னுது பத்தும் அதே எடத்துலதான் வுழுந்திருக்கு!"