டிராகனால் பெருமையா, இடையூறா?

காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ் குலுங்கி நின்றபோது, அந்த நீளமான சுருள் மறுபடியும் கனிஷ்காவின் தலையில் இடித்தது.

“ஏங்க... அதென்ன பீரங்கியா? கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்களேன்.”

சுருளுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நனைந்த முடி, மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்த உதடுகள்... அவளைப் பார்த்ததும் உதடுகள் வந்த வேலையை மறந்துவிட்டன.

“ஃப்ளெக்ஸுங்க,” என்றான் ஒருவழியாக. “மடிச்சா கோடு விழுந்துடும்.”

“என் மண்டையில விழுந்தா பரவாயில்லையாக்கும்?”

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். வளவன் பதில் தேடினான். திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற இன்ஜினியர் அவன். நாள் முழுக்க இரும்பையே சந்தேகப்படுகிறவன். இன்று அவனுக்குத் தன் நாக்கின் மேல் சந்தேகம் வந்தது. எல்லாம் அந்தக் கண்களால்... கோபத்திலும் ஓரமாக ஒரு சிரிப்பை மிச்சம் வைத்திருந்த கண்கள்.

அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கினான். அவளும் இறங்கினாள். அதுவரை தூறலாக நாகரிகம் காட்டிய ஐப்பசி மழை, இருவரும் இறங்கட்டும் என்றே காத்திருந்ததுபோல் கொட்டியது. ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. கனிஷ்காவின் குடை, அவள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் புத்தூர் ஆஸ்பத்திரியின் அலமாரியில் சொட்டுகூட நனையாமல் பத்திரமாக இருந்தது.

வளவன் யோசிக்கவில்லை. சுருளைப் பிரித்தான். எழுத்துப் பக்கம் வானத்துக்கு, வெள்ளைப் பக்கம் தங்களுக்கு. “அந்த முனையைப் பிடிச்சுக்கங்க. பீரங்கிதான்... ஆனா குடையாவும் வேலை செய்யும்.”

சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். தலைக்கு மேல் மழை தாளம் போட, ஒரே கூரைக்கடியில் இருவரும் நடந்தார்கள். அவள் இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று ஊசலாடியது. அது விழுகிறவரை மூச்சு விடக் கூடாது என்று வளவனுக்குத் தோன்றியது... ஏனென்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

எங்கே போகிறாள் என்று கேட்டான். சொந்தக்காரர் வீட்டுச் சீமந்தம் என்றாள். அவன் இலக்கியக் கூட்டம் என்றான். அவள் புருவம் மரியாதையாக உயர்ந்தது. எந்த மாதிரி இலக்கியம் என்று அவள் கேட்க, சங்க இலக்கியம் என்று துணிந்து இன்னொரு பொய்யையும் சேர்த்தான். வேலைக்குப் போகிற வயதில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் கேம் சம்பந்தமாக ஸ்ரீரங்கம் வரை போகிறார் என்று ஒரு அழகான பெண்ணிடம் சொல்வதற்கில்லை. அவளும் அதே காரணத்துக்காகத்தான் இல்லாத ஒரு கர்ப்பிணிக்கு வளையல் போடப் போய்க்கொண்டிருந்தாள்.

சந்துக்குள் இருந்த சின்னக் கல்யாண மண்டபத்தின் வாசலில் இருவருமே திரும்பினார்கள்.

“மாடியில சீமந்தமா?” என்றான் அவன்.

“மாடியில சங்க இலக்கியமா?” என்றாள் அவள்.

பதிலை மாடிப்படியே சொன்னது. அங்கே தெர்மோகோல் கிரீடமும் ஜரிகை சால்வையுமாக ஜெய்சங்கர் நின்றிருந்தார். மற்ற நாட்களில் புத்தூரில் செல்போன் கடை வைத்திருப்பவர், இன்று மாமன்னர். வருகிறவர்களை அடையாளம் காண எல்லோரிடமும் முன்பே போட்டோ வாங்கி வைத்திருந்தார்.

“வருக, தளபதி இரும்புவேல் அவர்களே. வருக, சாரல் அவர்களே.”

ஃப்ளெக்ஸின் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன.

விஷயம் இதுதான். ‘ஏழாம் சிகரம்’ என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. அதில் திருச்சிக்காரர்கள் கூடி அமைத்தது ‘பொன்னிநாட்டுப் பெரும்படை’. மனிதர், குள்ளர், வனவாசி என்று பல இனங்களில் ஒன்றை எடுத்து ஆடலாம். இரண்டு வருஷத்துக்கு முன் டிராகனும் ஒரு இனமாக வந்தது; படையின் நிம்மதி போனது. வால் திரையை மறைக்கிறது என்றார் ஒருவர். ஆசையாகக் கவசம் போட்டால் செதிலுக்கடியில் காணாமல் போகிறது என்றார் இன்னொருவர். டிராகன் என்றால் பார்த்ததும் பயம் வர வேண்டும், இது சுவரில் ஒட்டியிருக்கும் பல்லி போல் இருக்கிறது என்று ஒரு கட்சி. எல்லோரும் டிராகனாகிவிட்டால் யாரைத்தான் வேட்டையாடுவது என்று கவலைப்பட்டது மறு கட்சி. படையின் குழுவில் டிராகனைத் திட்டி மிக நீளமாக எழுதியவன் இரும்புவேல். அவனுக்குப் பதில் எழுதியே விரல் தேய்ந்தவள் சாரல். நேரில் பார்த்ததில்லை. ஒருவர் எழுத்தின் காற்புள்ளிகூட மற்றவருக்கு அத்துப்படி.

சண்டையைத் தீர்க்க மாமன்னர் பட்டிமன்றம் அறிவித்தார். நடுவர் சொல்வதே சட்டம். ‘இடையூறு’ என்று தீர்ப்பானால், வரும் சனிக்கிழமைக் கோட்டை முற்றுகைக்கு முன் டிராகன்கள் இனம் மாறவேண்டும், அல்லது படையை விட்டுப் போகவேண்டும். ஒருமுறை இனம் மாறினால் ஒரு வருஷம் திரும்ப முடியாது என்பது விளையாட்டின் விதி.

கனிஷ்காவுக்கு இது வெறும் விளையாட்டு இல்லை. பகல் முழுக்க, நடக்க மறந்த கால்களுக்குத் தோள் கொடுத்து நிற்கிற வேலை. சாயங்காலம் மன்னார்புரம் வீட்டு அறையில் சிறகு விரிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் அவளுடையது. படையில் அரட்டையடிக்கும் அந்த முகம் தெரியாத கூட்டமும் அவளுடையது. எதை விடுவது...

“அந்த நீளமான பதிவை எழுதினது நீங்கதானா?” குரலில் மழையைவிடக் குளிர்.

“அது... இனத்தைப் பத்தி எழுதினதுங்க. உங்களைப் பத்தி இல்ல.”

“நான்தாங்க அந்த இனம்.”

அவள் படியேறிப் போய்விட்டாள். ஒரு குடை தூரத்தில் இருந்தவள் இப்போது ஒரு மலை தூரத்தில்.

காலை விருந்தின் சாம்பார் வாசம் இன்னும் போகாத சாப்பாட்டுக் கூடத்தில்தான் அரங்கம். குத்துவிளக்கு ஏற்றினார்கள், மின்விசிறி அணைத்தது, மறுபடி ஏற்றினார்கள். அணிக்கு மூன்று பேர் என்று திட்டம். மழையைக் காரணம் காட்டி மற்றவர்கள் வீட்டிலேயே தங்கிவிட, அணிக்கு ஒருவர்தான் மிச்சம். வளவன் கடையிலிருந்து படித்துப் பார்க்காமலே வாங்கி வந்த ஃப்ளெக்ஸைக் கட்டி முடித்ததும் கூட்டம் சலசலத்தது. ‘பெருமையே’ என்ற பக்கத்தில் இரும்புவேல். ‘இடையூறே’ என்ற பக்கத்தில் சாரல்.

பெயர்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன.

இருவரும் ஒரே நேரத்தில் மாமன்னரிடம் போனார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. மாமன்னர் அசையவில்லை. ஃப்ளெக்ஸில் ஏறியது ஏறியதுதான் என்றார். கூட்டம் முடிந்ததும் போட்டோ எல்லா இடத்துக்கும் போகும். ஃப்ளெக்ஸ் ஒன்று சொல்லி மேடை வேறொன்று சொன்னால் படையின் மானம் என்னாவது? யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்கப்போவதில்லை, ஃப்ளெக்ஸ்தான் நிற்கும் என்றும் சொன்னார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே அனுபவ உண்மை அதுவாக இருக்கலாம்.

நடுவர் பீமராவ். ரயில்வேயில் ஓய்வு பெற்று, விளையாட்டில் கோடரி ஏந்திய குள்ளராகத் திரிபவர். தலைப்புக்கு வருவதற்கு முன் டிராகன் என்ற சொல்லின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் சொன்னார். ஒன்றிரண்டு பேர் தூங்கினார்கள். அதன் பிறகுதான் வளவனை அழைத்தார்.

வளவன் மைக்கைப் பிடித்தபோது கனிஷ்கா உள்ளுக்குள் கறுவினாள். ‘சொதப்பட்டும். வேணும்னே சொதப்புவான்... அவனுக்கு ஜெயிக்கணும்ல.’

அவன் சொதப்பவில்லை.

பறப்பதற்குச் சிறகு வேண்டும் என்பதைவிட, பறக்கிறவருக்குக் காரணம் வேண்டும் என்று ஆரம்பித்தான். பிறகு கண்ணை லேசாக மூடிக்கொண்டு, மனப்பாடமாகச் சொன்னான்: “நாள் முழுக்க அடுத்தவங்க ஒரு அடி எடுத்து வைக்கிறதுக்காகப் பக்கத்துல நிக்கிறவ நான். சாயங்காலம் யாரும் பிடிச்சுக்காம, யாரையும் பிடிச்சுக்காம கொஞ்ச நேரம் பறக்கறேன். அது உங்க கண்ணை மறைக்குதுன்னா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவள் போன தை மாதம் எழுதியது. எழுதிய வேகத்தில் வெட்கப்பட்டு உடனே அழித்தது. யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தது...

“இதுக்கு என்கிட்ட அன்னிக்கும் பதில் இல்ல,” என்று முடித்தான். “இன்னிக்கும் இல்ல.” கூடத்தில் தூங்கியவர்கள்கூட எழுந்து கை தட்டினார்கள்.

கனிஷ்காவின் முறை. நன்றாகப் பேசினால் தன் டிராகனைத் தானே கொல்ல வேண்டும். மோசமாகப் பேசினால்... இவ்வளவு நேர்மையாகப் பேசியவனுக்கு முன்னால் பொய்யாகத் தோற்பதா? அவள் ரோஷம் ஒப்பவில்லை.

“இந்த இனத்துல ஒரு பெரிய குறை இருக்குங்க,” என்றாள். “கோட்டைக் கதவுக்குள்ள நுழைய முடியாது. வாசல்லயே மனுஷ உருவத்துக்கு மாறணும். மாறுற அந்த நேரத்துல கையும் ஓடாது, காலும் ஓடாது. எதிரி அம்பு எல்லாம் அங்கதான் வரும். அப்பல்லாம் ஒருத்தர் ஓடி வந்து கேடயத்தோட முன்னால நிப்பார். ஒவ்வொரு தடவையும் செத்துப்போவார். மறுபடி பிழைச்சு வந்து, குழுவுல டிராகனைத் திட்டுவார். நாங்க திமிர்னு நினைச்சோம்... ஒரு நல்ல ஆளை இத்தனை தடவை சாகடிக்கிற இனம் படைக்குப் பெருமையா இருக்க முடியாதுங்க. இடையூறுதான்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கை தட்டல் நிற்கவே இல்லை. வளவன் மட்டும் தட்டவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரு தரப்புக்கும் நோகாமல் தீர்ப்புச் சொல்வதுதான் நடுவர்களின் வழக்கம். பீமராவுக்குக் கிடைத்த முதல் மேடை இது. வழக்கம் அவருக்குத் தெரியாது. கனிஷ்காவே வென்றாள் என்றார். டிராகன் இடையூறே என்றார். மாமன்னர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். வெற்றி பெற்றவள் அழுதால் நன்றாக இருக்காது என்பதால் அவள் சிரித்தபடியே நடந்து, படியிறங்கி, வாசல் தாழ்வாரத்தில் வந்து நின்று, அங்கே அழுதாள்.

மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம். திரும்பாமலே தெரிந்தது அவளுக்கு.

“அவ்வளவு நல்லாப் பேசியிருக்க வேண்டாம் நீங்க,” என்றான் வளவன்.

“நீங்களும்தான்.”

அவன் போனில் ஏதோ அழுத்தினான். அடுத்த நொடி மாடியிலிருந்த போன்கள் எல்லாம் ஒன்றாகக் கூவின. கனிஷ்காவின் பையிலும் கூவியது. எடுத்துப் பார்த்தாள். தளபதி இரும்புவேல் டிராகனாக இனம் மாறிவிட்டார் என்று படைக்கு அறிவிப்பு வந்திருந்தது.

“என்ன பண்ணியிருக்கீங்க... டிராகனால கேடயம் பிடிக்க முடியாதே. ஒரு வருஷம் திரும்பவும் முடியாது.”

“தெரியுங்க. ரெண்டு வருஷமா அந்தக் குறையையும் நான்தானே எழுதிட்டிருக்கேன். படையை விட்டுப் போறதுன்னா சேர்ந்தே போவோம்.”

மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம். மாமன்னர் படியில் தோன்றினார். ஈரக் காற்றில் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கேடயம்தான் போயிற்று, இருக்கிற தளபதியும் போய்விட்டால் சனிக்கிழமை முற்றுகையில் படை வாசலோடு திரும்ப வேண்டியதுதான் என்பதை அவர் முகம் சொன்னது. வாய் வேறு விதமாகச் சொன்னது. தீர்ப்பில் ஒரு சிறு திருத்தமாம். டிராகன் இடையூறுதானாம், ஆனால் பெருமைக்குரிய இடையூறாம். இருவரும் படையிலேயே இருக்க அரசு பெருந்தன்மையுடன் ஆணையிடுகிறதாம். அவருக்குப் பின்னால் பீமராவ், அதைத்தான் தானும் சொன்னதாகத் தலையாட்டினார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மாமன்னரும் நடுவரும் மெல்ல மேலே போனார்கள்.

வளவன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“வாசல்ல நான் நின்னது படைக்காக இல்லைங்க,” என்றான் வளவன். குரல் இறங்கியிருந்தது. “நீங்க எழுதினதை எல்லாம் படிச்சுப் படிச்சு... யாருன்னு தெரியாம, எப்படி இருப்பீங்கன்னு தெரியாம... பிடிச்சுப்போச்சு. நேரா சொல்ல வரல. டிராகனைத் திட்டினா நீங்க பதில் எழுதுவீங்க. அதுக்காகவே திட்டினேன். அது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. இன்னிக்கு பஸ்ஸுல உங்களைப் பார்த்தப்போ, இந்தப் பொண்ணு சாரலா இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு... சத்தியமா.”

கனிஷ்கா பொன்னாடை நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நானும் ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“அந்தக் கோட்டைக்கு மேல கூரை கிடையாது.”

அவனுக்குப் புரியவில்லை.

“டிராகன் கதவு வழியா வர வேண்டிய அவசியமே இல்லைங்க. மேலேருந்து நேரா உள்ள இறங்கலாம். முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டேன்.” அவள் கண்ணோரத்தில் மிச்சமிருந்த சிரிப்பு இப்போது முகம் முழுக்கப் பரவியது. “வாசலுக்கு வந்தாத்தான் நீங்க ஓடி வருவீங்க.”

“அப்போ... நான் செத்ததெல்லாம்?”

“ஒவ்வொரு தடவையும் பாவமாத்தாங்க இருந்துச்சு,” என்றாள் கனிஷ்கா. “ஆனா அடுத்த தடவையும் வாசலுக்கே வந்தேன்.”