ஜன்னலோரக் கட்டில்

வீட்டில் இருப்பது குன்வோரும் அவள் புருஷன் சிக்ஸ்டனும்தான். கட்டில் மட்டும் ஐந்து. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மூன்று மணிக்கே இருட்டியாகிவிட்டது. குன்வோர் ஐந்திலும் வெள்ளை விரிப்பு விரித்துத் தலையணை உதறிப் போட்டாள். அப்புறம் சமையலறைத் தரையில் வைக்கோலைப் பரப்பினாள். சொந்தம் தேடி அமெரிக்காவிலிருந்து சுவீடனுக்கு வந்திருந்த ஆர்விட்டுக்கு அது சரியாகப் படவில்லை.

"வைக்கோல் யாருக்கு? மாட்டுக்கா?"

"நமக்குத்தான். இன்னிக்குக் கட்டிலெல்லாம் நம்ம வீட்டுல செத்தவங்களுக்கு. ராத்திரி வருவாங்க."

"ஜன்னலோரம் யாரு?"

"எலோஃப்."

ஆர்விட் எழுபத்திரண்டு வயதுவரை மரம் வெட்டிப் பிழைத்தவர். பேச்சும் வெட்டுதான். "எலோஃப் என் தாத்தா. இங்கேருந்து கப்பலேறி வந்தவரு. மினசோட்டாவுல செத்தாரு. குழி வெட்டினதே நான்தான்."

"எலோஃப் பத்தொம்பது வயசுல ஏரிப் பனி உடைஞ்சு முழுகிப் போனான். காலையில கல்லறையப் பாத்தியே."

"கல்லுல எவன் வேணா எதை வேணா வெட்டலாம். இந்த ஊர்ப் பேச்சே அவரு சொல்லிக் குடுத்ததுதான்."

"பேச்ச யாருகிட்டயும் கத்துக்கலாம், அமெரிக்காக்காரா," என்றார் சிக்ஸ்டன், கோட்டு மாட்டிக்கொண்டே.

அது சுட்டது. தன் பேர், அப்பன் பேர், பிள்ளைகள் பேர் எல்லாமே அந்த ஒரு மனிதரின் மேல் நிற்பவை. அவர் எலோஃப் இல்லையென்றால் தாங்கள் யார்?

"அந்தக் கட்டில்லதான் படுப்பேன். வரட்டும், நேர்லயே கேட்டுக்கறேன்."

"நாங்க சர்ச்சுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள நீயே வைக்கோலுக்கு வந்துடுவே," என்று குன்வோர் சிரித்தாள்.

அவர்கள் வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தபின் வீட்டில் மிஞ்சியது அடுப்பில் விறகு வெடிக்கும் ஒலியும், செத்தவர்களுக்கென்று மேசையில் மூடாமல் வைத்த பால்கஞ்சியின் வாசமும், மெழுகுவத்தி ஆடும்போதெல்லாம் சுவரில் எழுந்து உட்காரும் நிழல்களும்தான். ஆர்விட் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கால் நீட்டிப் படுத்தார். பயமில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

வெளியே பனி நெரியும் சத்தம். ஓர் ஆள் நடை அல்ல. பல பேர்.

கதவுச் சத்தம் கேட்கவில்லை. குளிர்தான் வந்தது. ஒரு கட்டில் முனகியது. அடுத்தது. மூன்றாவது. நான்காவது.

பிறகு ஏரிச் சேற்று நாற்றம். தரையில் தண்ணீர் சொட்டியது.

"எழுந்திரு. என் எடம்."

இளந்தாரிக் குரல். ஆர்விட் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். மீசை அரும்பின முகம். நீலம் பாரித்த உதடு.

"மாட்டேன். நான் எலோஃபோட பேரன்."

"நான்தான் எலோஃப். எனக்குக் கல்யாணமே ஆகல." அவன் குனிந்தான். "அங்க என் பேர்ல வாழ்ந்தது யாரு?"

"யாரா இருந்தா உனக்கென்ன? என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு. எனக்குத் தாத்தா."

வாசலில் புதைகுழி மண் உதிர்ந்தது.

பையன் திரும்பிப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தான். மற்ற நான்கு கட்டில்களிலும் செத்தவர்கள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நடுங்கினார்கள்.

கதவு நிலையை அடைத்து நின்ற உருவம் குனிந்து உள்ளே வந்தது.

ஆர்விட் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார்.

"வா தாத்தா," என்றார். "இங்க படு."