கிணறு இறைக்காத வீடு

"கிணத்தை இறைக்கப்படாது!"

சோமசேகரம் போட்ட அலறலில் முருங்கை மரத்துக் காகங்கள் சிதறிப் பறந்தன.

தையல்நாயகி வாளிக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அப்படி என்ன கேட்டுவிட்டாள்? குடிவந்து பால் காய்ச்சுவதற்கு முன்னால் கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ணட்டுமா என்றாள். அவ்வளவுதான்! அதற்கு ஒரு வீட்டுக்காரன் இப்படியா கத்துவான்?

கத்துவான்... காரணம் இருந்தால் கத்துவான்!

இந்த அலறலைக் கேட்கத்தான் அவள் நாகப்பட்டினத்திலிருந்து கடல் தாண்டி வந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு இதே கொழும்புத்துறையில், இதே வீட்டில் வாடகைக்கு இருந்தவன் அவள் அண்ணன் பக்கிரிசாமி. நகை வியாபாரி. 'வீடு கிடைச்சுடுச்சு, சீக்கிரம் உங்களையும் கூட்டிக்கறேன்' என்று சொல்லி அனுப்பினான்; எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு ஆளையும் காணோம், நகைப்பெட்டியையும் காணோம்!

"அவன் கள்ள வள்ளத்திலை ஏறி இந்தியாவுக்குப் போயிட்டான்" என்றார் வீட்டுக்காரர் சோமசேகரம். ஊர் தலையாட்டியது. அந்நியன்தானே... யார் தேடப் போகிறார்கள்?

தங்கச்சி தேடினாள். அவனை விழுங்கியவன் யாரென்று தெரியாமல் என் கட்டை வேகாது என்று, எழுபத்துமூன்றாம் வருஷம் விசா வாங்கிக் கப்பல் ஏறினாள்.

யாழ்ப்பாணத்தில் வீடு தேடினால்... கதவெல்லாம் படார், படார்!

"இந்தியாக்காரருக்குக் குடுக்கிறேல்லை."

"தனிப் பொம்பிளைக்கோ? குடும்பகாரர் எண்டால் வாங்கோ."

சிவக்கொழுந்து என்றொரு புண்ணியவதி மட்டும், வீடு இல்லையென்றாலும் தேத்தண்ணீர் கொடுத்து வாயையும் திறந்தாள்.

"கொழும்புத்துறையிலை சோமசேகரத்தாரிட்டைக் கேள் பிள்ளை. அவர் வெளிநாட்டாக்களுக்கு மட்டுந்தான் குடுப்பார். எங்கடை சனத்துக்குக் குடார்."

"ஏம்மா அப்படி?"

"ஆருக்குத் தெரியும்? என்ரை மச்சாளும் போய்ப் பாத்தவள். வீடு பிடிச்சுப் போச்சு. கிணறு இறைச்சுப்போட்டுப் பால் காய்ச்சுறன் எண்டாளாம். மனிசன் உடனை வீடு இல்லையெண்டு போட்டார்!"

"கிணறு எதுக்கு இறைக்கணும்?"

"என்ன பிள்ளை கேக்கிறாய்! ஆள் மாறினால் கிணறு இறைக்காமல் இஞ்சை ஆர் குடிபுகுவினம்?"

தையல்நாயகி தேத்தண்ணீரைக் கீழே வைத்தாள். உள்ளூர்க்காரன் கிணறு இறைப்பான். அந்நியனுக்கு அந்த வழக்கம் தெரியாது. அடப் பாவி... அதனால்தான் அந்நியனா! அண்ணனும் அங்கேதான் இருந்திருப்பான்!

அன்று மாலை அவள் இன்னொரு வாசற்படியும் ஏறினாள். அது யார் வாசல் என்று பிறகு சொல்கிறேன்... அவசரப்படாதீர்கள்!

மறுநாள் காலை சோமசேகரத்தின் படலைக் கதவைத் தட்டியபோது அவள் தனியாக இல்லை. பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறோடு ஓர் ஆள். குடும்பம் கேட்கிறார்களே, அதற்காக ஒரு புருஷன்! வீடும் உடனே கிடைத்தது.

இப்போது அந்தச் சோமசேகரம் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கோவியாதை பிள்ளை. கடற்கரைக் கிணறெல்லோ? இறைச்சால் உப்பேறிப் போகும். உது அமிர்தம் மாதிரித் தண்ணி!"

"அப்படிங்களா? அப்ப நீங்க ஒரு வாய் குடிங்கய்யா. நானும் குடிக்கிறேன்."

"எனக்கு... எனக்கு இப்ப தாகமில்லை."

"எங்க ஊரும் கடற்கரைதான். ஒரு வாட்டி இறைச்சா ஒண்ணும் ஆயிடாது. பம்ப் மிஷினுக்குச் சொல்லிட்டேன். இப்ப வந்துடும்."

சோமசேகரத்தின் முகம் சுண்டிப் போயிற்று.

"உன்ரை மனிசன் ஏன் ஒண்டும் கதைக்கிறாரில்லை?"

"அவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராதுங்க."

சோமசேகரம் சும்மா நம்புகிற ஆளா? மெல்ல அந்த மனிதருக்குப் பின்னால் போனார். இரும்பு வாளியைத் தூக்கிச் சீமெந்துத் தரையில் போட்டார்.

தடால்!

அந்த மனிதர் திரும்பவே இல்லை. கடலைப் பார்த்தபடி காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"சரியான செவிடு!" சோமசேகரத்துக்குச் சிரிப்பு வந்தது.

"அடுப்பைப் பார்த்துட்டு வர்றேன்" என்று தையல்நாயகி குசினிக்குள் போனாள்.

மூலையில் ஒரு குழவி கிடந்தது. குழவி மட்டும்!

ஆட்டுக்கல் எங்கே? தனியாள் பிடித்தால் அசையாத கல், குழவியை விட்டுவிட்டு எங்கே நடந்து போகும்? 

ஜன்னல் வழியே கிணற்றடிக் குரல்கள் வந்தன. சோமசேகரமும், அவருக்கு வள்ளம் ஓட்டும் இளையதம்பியும்.

"எடேய், பம்ப் வரப்போகுதாம்! அது வந்தால் நாங்கள் துலைஞ்சம்! ஓடிப்போய் தெரு முகப்பிலை மறி!"

"நான் மாட்டன் அண்ணை. அண்டைக்கும் என்னைத்தான் மாட்டிவிட்டனீங்கள். நான் காலைத்தான் பிடிச்சனான். கழுத்தை நெரிச்சது நீங்கள்!"

"மெதுவாக் கதையடா!"

"ஐயோ, உவர் நிக்கிறார்..."

"உவன் செவிடன்ரா! உவனுக்கு முன்னாலை தேவாரம் பாடினாலும் ஒண்டுதான், கொலைக்கதை சொன்னாலும் ஒண்டுதான்!"

"ஆட்டுக்கல்லைக் கட்டிக் கிணத்துக்கை இறக்கேக்கையே சொன்னனான், கடலிலை போடுவம் எண்டு. கேட்டியளே?"

"கடல் கரையொதுக்கிப் போடும். கிணறு வாய் திறவாதடா!"

அவ்வளவுதான். தையல்நாயகிக்குக் கண் இருண்டது. மூன்று வருஷம் நெஞ்சுக்குள் கிடந்த நெருப்பு உச்சிக்கு ஏறியது. ஆட்டுக்கல்லோடு அண்ணன்... அவனை வைத்துப் பூட்டிய தண்ணீருக்கு அமிர்தம் என்று பெயரா!

குழவியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

"பக்கிரிசாமி தங்கச்சிடா நான்!"

சோமசேகரம் நிமிர்ந்தார். தலைக்கு மேலே குழவி!  இன்னும் ஒரு நொடி... மண்டை தேங்காய்தான்!

"பிள்ளை! போடு அதைக் கீழை!"

குரல் வந்த பக்கம் எல்லோரும் திரும்பினார்கள்.

பேசியது... ஊமை!

"உவனுக்காக நீ ஏன் ஜெயிலுக்குப் போகோணும்? உவனைத் தூக்கிலை போடுறதுக்கு அரசாங்கம் ஆள் வைச்சிருக்கு."

தையல்நாயகி கையைத் தாழ்த்தினாள். குழவி நழுவிச் சோமசேகரத்தின் கால் பெருவிரலில் விழுந்தது. தற்செயலாகத்தான் என்று நம்புவோம்!

"ஐயோ! நீர்... நீர் ஆர்?"

"இன்ஸ்பெக்டர் முத்துக்குமாரு. ஊர் கரவெட்டி. வாயைத் திறந்தால் இந்தியாக்காரன் இல்லையெண்டு பிடிச்சுப்போடுவீர். அதுதான் ஊமை. நீர் வாளியைப் போட்ட நேரம் என்ரை ஈரக்குலையே நடுங்கிப் போச்சுது காணும்!"

அவள் ஏறிய இன்னொரு வாசல் இவருடையதுதான். "எலும்பு கிடைச்சாலும் ஆர் போட்டதெண்டு கிணறு சொல்லாது பிள்ளை. போட்டவன்ரை வாய்தான் சொல்லோணும்" என்றவரும் இவரே.

இளையதம்பி படலைக்கு ஓடினான். அங்கே பம்ப் மிஷினோடு வந்து நின்ற நாலு பேரும் பொலிஸ்காரர்கள்!

பம்ப் உறுமியது. மத்தியானத்துக்குள் கிணறு வற்றியது. சேற்றில் ஆட்டுக்கல்... அதைச் சுற்றிக் கயிறு... கயிற்றுக்குள் எலும்பு.

"அண்ணே!" என்று தையல்நாயகி கிணற்றுக்கட்டில் தலையை முட்டி அழுதாள்.

விலங்கு மாட்டிய சோமசேகரத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"தண்ணி... ஒரு மிடறு தண்ணி..."

அழுகை சட்டென்று நின்றது. காலையில் அந்தக் கிணற்றில் அள்ளிய நீர் இன்னும் குடத்தில் இருந்தது. செம்பில் மொண்டு அவர் வாயருகே நீட்டினாள்.

"அமிர்தம்னீங்களே... குடிங்க!"

சோமசேகரம் குமட்டிக்கொண்டு குப்புற விழுந்தார். அவள் செம்பை எடுக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிய பக்கமெல்லாம் நீட்டினாள்.

கடைசியில் இன்ஸ்பெக்டர்தான் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

"என்னை எங்கை கொண்டு போறியள்?"

"உமக்கும் ஒரு வீடு பாத்திருக்கிறம், வாரும்! அங்கை குடும்பம் கேக்கமாட்டினம்... தனியாளுக்கும் குடுப்பினம்!"